கோடு போடாத இடம்

மார்ச் 4, திங்கள்

வெறும் வயிற்றில் 168. டாக்டர் தினமும் சர்க்கரை அளவை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். மருந்துக்கடையில் கொடுத்த டைரியில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். ஓர் எண்ணை மட்டும் எழுதிவிட்டு மீதிப் பக்கத்தைச் சும்மா விட மனசு வரவில்லை. கஞ்சத்தனம் என்று என் மனைவி விமலா சொல்வாள். சொல்லட்டும்.

காலையில் பத்மநாபன் சார் கூப்பிட்டார். எங்கள் மயிலாடுதுறை அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர்.

"தியாகேசன், ஆலத்திடல்ல நாலு நாளா வீடு ஆடுதாம். வி.ஏ.ஓ. போன் பண்ணினார். நம்ம கிணத்தக் கை காட்டிடப் போறாங்க. போய் என்னன்னு பாத்துட்டு வந்துடுங்களேன்."

நம்ம கிணறு என்றால் குடிதண்ணீர்க் கிணறு இல்லை. எங்கள் கம்பெனி சின்னது. இந்தப் பக்கம் பதினோரு இடத்தில் எண்ணெய் எடுக்கிறோம். எண்ணெயோடு நாலு மடங்கு உப்புத் தண்ணீரும் சேர்ந்து வருகிறது. அதை வாய்க்காலில் விட முடியாது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு துளைத்து, அழுத்தம் கொடுத்து மறுபடி உள்ளேயே அனுப்பிவிடுகிறோம். போன அக்டோபரில் தொடங்கினோம். ஜனவரியிலிருந்து இரண்டு மடங்கு அனுப்புகிறோம். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர் போலப் படம் பார்த்துச் சொல்வது என் வேலை. கிணற்றுக்கு இடம் குறித்துக் கொடுத்தவன் நான்தான்.

கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை.

மார்ச் 6, புதன்

ஆலத்திடல் போனேன். கிணற்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். இருநூறு வீடு இருக்கும். போனவுடன் ஆளாளுக்குப் பேசினார்கள். அதிர்வு அளக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதை வைக்க லாரி போகாத, மோட்டார் ஓடாத, சிமெண்டுத் தரை உள்ள வீடு வேண்டும். தெருக்கோடியில் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார்கள்.

வீட்டுக்காரி பெயர் கோசலை. நாற்பத்தைந்து வயது இருக்கும், தையல்காரர். கணவர் ராசாங்கம் அறுவடை மிஷின் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கூடத்தில் சுவரோரம் கட்டிலில் கிடக்கிறார். இடது கை மட்டும் அசைகிறது.

"மொதல்ல இவருதான் சார் கண்டுபிடிச்சாரு" என்றார் கோசலை. "கட்டில டொக் டொக்னு தட்டுனாரு. என்னய்யா வேணும்னு கேட்டுக்கிட்டே வரேன், அடுப்படில பாத்திரமெல்லாம் கிடுகிடுங்குது. நானும் பக்கத்து வூட்டு மதியழகனுமா கட்டிலோட தூக்கி வாசல்ல போட்டோம்."

உள்ளறையில் பெட்டியை வைத்துவிட்டு, தையல் மிஷின் ஓட்டும்போது மட்டும் நேரத்தை ஒரு தாளில் குறித்து வைக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் தையலையும் நிலநடுக்கம் என்று பெட்டி எழுதிக்கொள்ளும். கோசலை சிரித்தார். ராசாங்கம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி கொடுத்தார்கள், சர்க்கரை போட்டு. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

மார்ச் 7, வியாழன்

210. காபியின் வேலை.

மார்ச் 11, திங்கள்

நிலோஃபர் என் மேசைக்கு வந்தாள். எங்கள் பிரிவில் என்னைத் தவிர இருக்கும் ஒரே ஆள். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வரைபடத்தை விரித்து, "சார், ஆலத்திடலுக்கு வடகிழக்குல நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஃபால்ட், தென்மேற்குல அஞ்சு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஃபால்ட். ரெண்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கே?" என்றாள்.

"ரெண்டு புள்ளி எப்பவுமே நேர்கோட்டுலதாம்மா இருக்கும்" என்றேன்.

"இது புள்ளி இல்ல சார், கோடு" என்றாள்.

துடுக்கு. ஆனால் கேள்வி நியாயமானது. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பதின்மூன்று கோடி வருடங்களுக்கு முன், ஒட்டிக் கிடந்த நிலம் இழுபட்டுப் பிய்ந்தது. பிய்ந்த ஓரத்தில் தரை படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து இறங்கியது. ஒவ்வொரு உடைசலும் ஒரு பிளவு, நிலோஃபர் சொன்ன ஃபால்ட். இறங்கிய பள்ளத்தில் ஆறுகள் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டின. கடல் ஏறி வந்தது, பின்வாங்கியது. நிரம்ப நிரம்பக் கனம் கூடியது. இழுப்பும் கனமும் சேர்ந்து பிளவுகளை மேலும் நழுவ வைத்தன. நாம் நாற்று நடும் வண்டலுக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் இப்படி நிரம்பிய மண்தான் கல்லாகிக் கிடக்கிறது.

பிளவு பிறக்கும்போதே நீளமாகப் பிறப்பதில்லை. தனித்தனியாகச் சின்னச் சின்னதாகத் தொடங்கும். நழுவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும். நீண்டு நீண்டு பக்கத்துப் பிளவின் நுனியைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். அப்புறம் தூங்கும். தூங்கும் என்றுதான் சொல்ல வேண்டும், செத்தது என்று சொல்லக் கூடாது. கோடி வருடம் கழித்து வேறு பக்கத்திலிருந்து நெருக்கினாலும் பாறை புது இடத்தில் உடையாது, பழைய உடைசலில்தான் நழுவும். சின்னப் பிளவு நழுவினால் பாத்திரம் ஆடும். பெரிய பிளவு நழுவினால் வீடு விழும்.

நிலோஃபர் கேட்க வந்தது இதுதான்: அந்த இரண்டும் ஒன்றா?

வரைபடத்தில் ஆலத்திடலுக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்குக் கோடு இல்லை. பதினைந்து வருடம் முன்பு சர்வே செய்தபோது, குழி போட்டுச் சின்ன வெடி வைத்து, திரும்பி வரும் ஒலியைக் கொண்டு படம் எடுத்தார்கள். ஊருக்குள் வெடி வைக்க அனுமதி இல்லை. அதனால் ஊருக்குக் கீழே படம் கிடையாது. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கோடு போடாதே என்பது. நான் போடவில்லை. தண்ணீர் அனுப்பும் கிணறு எந்தப் பிளவிலிருந்தும் இரண்டு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் எல்லைக்குள் அப்படி ஓர் இடம் அந்த இடைவெளிக்குப் பக்கவாட்டில் மட்டும்தான். அங்கே கிணறு போட்டோம். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

மார்ச் 12, செவ்வாய்

பிளம்பர் வந்தான். ஒரு குழாயைச் சரிசெய்து இன்னொரு குழாயை ஒழுக விட்டுப் போனான்.

மார்ச் 19, செவ்வாய்

இன்னும் மூன்று பெட்டிகளை ஊரைச் சுற்றி வைத்ததால் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட முடிகிறது. இதுவரை முப்பத்தொரு அதிர்வு. பெரியது ரிக்டரில் 2.6. நிலோஃபர் அவற்றை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் குத்தியிருந்தாள்.

புள்ளிகள் எல்லாம் கோடு இல்லாத இடத்தில் விழுகின்றன. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, வரிசையாக.

கணக்கில் ஒரு கிலோமீட்டர் முன்பின் பிழை இருக்கலாம். அதைப் படத்தின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொன்னேன்.

மார்ச் 23, சனி

பேட்டரி மாற்ற ஆலத்திடல் போனேன். நிலோஃபரை அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

ராசாங்கத்தின் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வியாழக்கிழமை அதிர்வில் அவசரமாகத் தூக்கிப்போகும்போது நிலைப்படியில் இடித்துவிட்டதாம். அசைகிற ஒரே கை. அதற்கும் துணி சுற்றியிருந்தார்கள்.

கோசலை எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். வாரத்துக்கு நாலு தடவ ஆடுது. ஆடுறப்பல்லாம் இந்த மனுசன தூக்கிட்டு ஓடுறோம். மதியழகனும் எத்தன நாளுதான் வேலைய வுட்டுட்டு ஓடி வருவாரு? முதுகுல வேற புண்ணு. தூக்க தூக்க உரியுது. இவர தூக்கித்தான் ஆவணுமா? இல்ல, இப்புடியே ஆடிட்டுப் போயிருமா?"

ராசாங்கம் என் முகத்தையே பார்த்தார். அவர் காதுக்கு ஒன்றும் குறைவில்லை.

"பயப்படாதீங்கம்மா" என்றேன். "இங்க பக்கத்துல இருக்கறது ரெண்டும் சின்னப் பிளவு. சின்ன அதிர்வுதான் வரும். சுவத்துக்கு ஒண்ணும் ஆகாது. அவரைத் தூக்கி அலைக்கழிக்க வேணாம். வலிதான் மிச்சம்."

கோசலைக்கு அப்படி ஒரு நிம்மதி. "காதுல விழுந்துச்சா? இனிமே ஒன்ன தூக்க மாட்டோம்" என்று கணவரிடம் சொன்னார். அவருக்குச் சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில்தான் வருகிறது. வந்தது.

சர்க்கரை இல்லாத காபி கொடுத்தார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். போன தடவை பாதி டம்ளரில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தாராம்.

மனசு சரியில்லை. வண்டியில் வரும்போது டிரைவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 27, புதன்

"ஊருக்குக் கீழ போற பழைய சர்வே படம் ஏதாவது இருக்கா சார்? நம்ம சர்வேக்கு முன்னாடி எடுத்தது?" என்று நிலோஃபர் கேட்டாள்.

இல்லை என்றேன்.

விமலாவுக்கு முட்டிவலி. எலும்பு டாக்டரிடம் சனிக்கிழமை நேரம் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

நேற்று 3.1. கூட்டுறவுச் சங்கத்துச் சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல். பத்மநாபன் சாரிடம் போய், தண்ணீரைக் குறைத்தால் நல்லது என்கிற மாதிரி பேச்செடுத்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "மாதிரி எல்லாம் வேணாம் தியாகேசன். நேராச் சொல்லுங்க. அங்க ஃபால்ட் இருக்கா, இல்லையா? இல்லைன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, இன்னிக்குச் சாயங்காலமே வால்வ மூடிடறேன். மேல இருக்கறவங்கள நான் பாத்துக்கறேன். எழுதாம என்னால மூட முடியாது."

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடம்.

ஒரு வாரம் வேண்டும், இன்னும் கொஞ்சம் புள்ளிகள் சேரட்டும் என்றேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒரு வாரம் ஆகிவிட்டது. 3.0, 2.8, மறுபடி 3.0. இன்னும் எழுதவில்லை. அவசரப்பட்டு எழுதினால் தப்பாகிவிடும்.

கோசலை போன் செய்தார். அதிர்வைப் பற்றி இல்லை. ராசாங்கத்தின் முதுகுப் புண் ஆறி வருகிறதாம். "தூக்காம வுட்டதுதான் சார் காரணம். நீங்க நல்லாருக்கணும்" என்றார். நான் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். மீட்டிங் எதுவும் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்திருந்தாள். மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், வடை, பாயசம். எனக்குப் பாயசம் இரண்டு கரண்டி மட்டும் என்று தீர்ப்பானது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை.

"என்னங்க, ஒரு மாசமா யாரோ மாதிரி இருக்கீங்க. ஆபீஸ்ல ஏதாவதா?" என்று விமலா கேட்டாள்.

"சர்க்கரைதான்" என்றேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் ஒருநாள் கரண்டி தட்டத்தான் செய்யும்.

நிலோஃபர் பழைய காகிதச் சுருள்கள் கிடக்கும் கிடங்கில் மூன்று நாள் தூசி தின்றிருக்கிறாள். இன்று ஒரு சுருளை என் மேசையில் விரித்தாள். 1987இல் வேறொரு குழு எடுத்தது. அப்போது ஆலத்திடலில் நாற்பது வீடுகூட இல்லை. வாய்க்கால் கரையோரமாக ஊர் வழியாகவே வெடி வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். படம் மங்கல். ஆனாலும் ஊருக்கு நேர் கீழே அடுக்குகள் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, ஒரு பக்கம் இறங்கி நிற்பது தெரிகிறது. இறங்கிய பக்கத்தில் அடுக்கு தடித்திருக்கிறது. பழைய உடைசலுக்கு மேலே, மிகவும் பிந்தி வந்த அடுக்குகளும் லேசாக மடிந்திருக்கின்றன. அந்தப் பிளவு தூங்கி, இடையில் ஒருமுறை எழுந்து, மறுபடி தூங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சுருளின் ஓரத்தில் பென்சிலால் "தரம் போதாது, பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதி, கீழே தேதியும் "தி" என்ற என் சுருக்கொப்பமும். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

அவள் அதைக் காட்டவில்லை. வெட்டுப்பட்ட இடத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். சிவப்புப் பென்சிலை அழுத்திப் போட்டு, பிறகு ரப்பரால் அழித்த தடம் காகிதத்தில் பள்ளமாக இருந்தது.

"இது யார் போட்ட கோடு சார்?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன் சார். நீங்க எழுதலைன்னா நான் எழுதிக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சுருளைத் தன் மேசைக்கு எடுத்துப் போனாள்.

ஏப்ரல் 17, புதன்

ஞாபகம் இருக்கிறது. இந்த டைரியை என்னைத் தவிர வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

அன்றைக்கு ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை கிணற்றுக்கு இடம் முடிவாக வேண்டும். சுருளை விரித்தேன், பார்த்தேன், பார்த்தவுடன் தெரிந்தது. முப்பது வருடம் இதே வேலை செய்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? சிவப்புக் கோடு போட்டேன். போட்டபின் அளந்தேன். நாலும் மூன்றும் அஞ்சும் பன்னிரண்டு. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரே பிளவு. அதிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் எல்லைக்குள் ஒரு சென்ட் நிலம் கிடையாது. கிணறு இல்லையென்றால் தண்ணீரை விட இடம் இல்லை. தண்ணீரை விடாமல் எண்ணெய் எடுக்க முடியாது. இரண்டு வருட வேலை போச்சு. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டியவன் நான்.

யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. படம் மங்கலாகத்தானே இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மங்கலாகத்தான் இருந்தது. ரப்பரை எடுத்தேன்.

அப்புறம் அந்த வெற்றிடம் எனக்கே உண்மையாகிவிட்டது. கோடு இல்லை, அதனால் பிளவு இல்லை, அதனால் கிணறு போடலாம். இப்போது மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், ஒன்றை ஒன்று அழுத்திப் பிடித்திருக்கும் இரண்டு பாறை முகங்களுக்கு நடுவே போய்த்தான் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறோம். பிடி தளர்கிறது. தளரத்தான் செய்யும்.

கோசலை கேட்ட அன்று எனக்கு இது தெரியாதா? புள்ளிகள் வரிசையாக விழுந்ததைப் பார்த்து நாலு நாள் ஆகியிருந்தது.

நாளை ஒருமுறை புள்ளிகளைச் சரிபார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

ஏப்ரல் 18, வியாழன்

காலை பதினொன்று பத்துக்கு. 4.7.

அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. நிலோஃபர் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள்.

பன்னிரண்டரைக்குள் ஆலத்திடல் போய்விட்டோம். பதினாறு வீட்டில் சுவர் விழுந்திருந்தது. எல்லாம் செம்மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர்கள். ஒன்பது பேருக்குக் காயம். ஒருவர் இறந்துவிட்டார்.

மதியழகன் தெருவில் உட்கார்ந்திருந்தார். நெல் மூட்டை தூக்கும் ஆள், பெரிய உடம்பு, சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார். "நான் ஓடியாந்தன் சார். மொத ஆட்டம் லேசாத்தான் வந்துச்சு. எப்பயும்போல ஓடியாந்து கட்டில்ல கைய வச்சிட்டன். கோசலக்காதான் வேணாம் மதி, புண்ணு இப்பத்தான் ஆறுது, சார் தூக்க வேணாம்னு சொல்லிருக்காருன்னாங்க. சரின்னு வெளில வந்துட்டன். அக்காவும் தண்ணி மோக்க வாசலுக்கு வந்தாங்க. அப்பறந்தான் பெருசு வந்துச்சு."

சுவர் விழுவதற்கு முன் ராசாங்கம் கட்டிலைத் தட்டினாராம். இரண்டு பேருக்கும் கேட்டிருக்கிறது.

மாலை நாலரைக்குப் பத்மநாபன் சாரிடம் எழுதிக் கொடுத்தேன். ஒரே பக்கம். எழுதப் பத்து நிமிடம் ஆனது. ஐந்தரைக்கு வால்வை மூடிவிட்டார்கள்.

ஏப்ரல் 19, வெள்ளி

ராசாங்கத்தை எடுத்துப் போகும்போது தெருமுனையில் நின்றேன். கிட்டே போக முடியவில்லை. சாப்பிடவில்லை. மாத்திரை போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 24, புதன்

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிக்கை வந்திருக்கிறது. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. விசாரணையில் நான் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "இப்பகுதியின் பிளவுகள் பதின்மூன்று கோடி ஆண்டுகள் பழமையானவை. இவை வெவ்வேறு காலங்களில் இயற்கையாகவே மீண்டும் இயங்கியுள்ளன. ஆழத்தில் உள்ள பிளவுகளை முழுமையாக அறிய எந்தத் தொழில்நுட்பமும் இல்லை."

மூன்று வாக்கியம். மூன்றும் உண்மை. ஒரு பொய்கூட இல்லை. நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பத்மநாபன் சார் சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தியாகேசன். நீங்க எழுதிக் குடுத்த பக்கம் என்கிட்ட இருக்கு. அதுல ஃபால்ட் இருக்குன்னு மட்டுந்தான் இருக்கு. எப்பத் தெரியும்னு இல்ல."

எழுதும்போது அதை விட்டுவிட்டேன். அன்றைக்கும்.

இரவு விமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். வேற யார் மூலமாவும் போகக் கூடாது" என்றாள். தனியாகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 29, திங்கள்

ஊராட்சி மன்றக் கட்டடம். ஆர்.டி.ஓ., தாசில்தார், ஊர்க்காரர்கள் எண்பது பேர் இருப்பார்கள். பின் வரிசையில் நிலோஃபர், மடியில் அந்தச் சுருள்.

முதலில் கோசலையைக் கூப்பிட்டார்கள். நடந்ததைச் சொன்னார். தூக்க வேண்டாம் என்று சொன்னது யார் என்று ஆர்.டி.ஓ. கேட்டார். அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு, அவசரமாகச் சொன்னார்: "ஆனா சார் மேல குத்தம் இல்லீங்கய்யா. வந்த ஆபீசருங்கள்ல இவரு ஒருத்தருதான் எங்க வூட்டுக்குள்ள வந்து ஒக்காந்தாரு. அவருக்கு தெரிஞ்சத சொன்னாரு. மண்ணுக்கு அடில இருக்கறது யாருக்குங்கய்யா தெரியும்?"

அடுத்து என் பெயர். அறிக்கை சட்டைப் பையில் இருந்தது. எழுந்தபோது அதை வெளியே எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றேன். சத்தம் போதவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார்கள். "எனக்குத் தெரியும். ஊருக்கு அடியில பெரிய பிளவு போகுதுன்னு ரெண்டு வருஷமாத் தெரியும். படத்துல கோடு போட்டு நானே அழிச்சேன். அதுக்குப் பக்கத்துலதான் கிணத்துக்கு இடம் குறிச்சேன். பிளவு நழுவ ஆரம்பிச்சிடுச்சுன்னு மார்ச் பத்தொம்பதாந்தேதி தெரிஞ்சுது. தூக்க வேணாம்னு இந்த அம்மாகிட்ட சொன்னது இருபத்துமூணாந்தேதி."

ஆர்.டி.ஓ. எழுதுவதை நிறுத்தினார். கூட்டம் கத்த ஆரம்பித்தது. யாரோ ஒரு நாற்காலியைத் தள்ளினார்கள். போலீஸ்காரர் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். எனக்கு எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. கோசலை மட்டும் கத்தவில்லை. மெதுவாக எழுந்து, போலீஸ்காரரைத் தாண்டி என்னைப் பார்த்தார். ஏதோ ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டார்.

"அப்பன்னா அன்னிக்கு மதி தூக்க வந்தப்ப நான் தடுக்காம இருந்திருக்கலாமா சார்?"

"இருந்திருக்கலாம்மா" என்றேன்.

நிலோஃபர் சுருளைக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ. மேசையில் வைத்தாள்.

மே 2, வியாழன்

தற்காலிகப் பணிநீக்கம். போலீசில் இன்னும் இரண்டு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். மகள் போனில் பேசவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தெருவில் ஒருவர் என் காதுபடச் சொன்னார். சரிதான்.

மே 6, திங்கள்

கிணற்றை மூடிப் பதினெட்டு நாள். நேற்று மட்டும் ஒன்பது அதிர்வு என்று நிலோஃபர் சொன்னாள். ஏன் நிற்கவில்லை என்று ஊரில் கேட்கிறார்களாம். உள்ளே போன தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது. அதன் அழுத்தம் பிளவு வழியே மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருக்கும். வால்வை மூடியது அதற்குத் தெரியாது. மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம். இடிபாட்டுக்குள் அகப்பட்ட பெட்டியின் ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வேலையில் இல்லாவிட்டாலும் வந்து காட்டச் சொன்னாள். போனேன்.

வீடு இருந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். கோசலை மிஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தாளில், எப்போது தைத்தார் என்ற நேரம் வரிசையாக எழுதியிருந்தது. இன்றைக்கும் எழுதியிருந்தார்.

பெட்டியைத் தோண்டி எடுத்து நிலோஃபரிடம் ஒயரைக் காட்டினேன். கோசலை தலை நிமிரவில்லை.

"இனிமே இந்தப் பொண்ணு மட்டும் வரட்டும். நீங்க வர வேணாம்" என்றார்.

சரி என்று திரும்பினேன். நாலடி போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னும் பெருசா வருமா?"

"தெரியாதும்மா. வரலாம். லேசா ஆடினாலும் வெளியில ஓடிடுங்க. யாரு என்ன சொன்னாலும் ஓடிடுங்க."

மிஷின் நின்றது.

"ஓடுறதுக்கு என்ன சார், இனிமே நான் ஒருத்திதான்" என்றார். சட்டையின் மறு தோளை ஊசிக்குக் கீழே நகர்த்தி வைத்துவிட்டு, தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.